வெள்ளைப் பந்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். பூல் (மேசைமேல் கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் ஆட்டம்) பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பூல் பந்துகள் பத்து வருஷப் பழசு. வெள்ளைப் பந்து சொரசொரப்பாகிவிட்டது என்று அதை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து என் ஆட்டமே கெட்டுவிட்டது. நிற்க வேண்டிய பந்து முன்னால் ஊர்கிறது, பின்சுழற்சி கொடுத்து அடித்தாலும் மோதியபின் பின்னால் வருவதில்லை. பந்து தேயுமா சார்? எத்தனை வருஷம் வரும்?"

முதலில் கை கோளாறு என்றுதான் எழுத நினைத்தேன். அப்புறம்தான் பொறி தட்டியது.

தேயும். ஆனால் எல்லாப் பந்தும் ஒரே மாதிரி தேயாது. ஒவ்வோர் அடியிலும் கியூ கோலின் முனையில் உதை வாங்குவதும், துணியில் உரசி ஓடுவதும் வெள்ளைப் பந்துதான். மற்றப் பந்துகளுக்கு எப்போதாவதுதான் வேலை வருகிறது. வெள்ளைப் பந்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பொடிப் பொடியாக வெளுத்த புள்ளிகள் தெரியும். வேகமாக அடிக்கும்போது பந்து உருள்வதற்கு முன் கொஞ்ச தூரம் வழுக்கும். அந்த உரசல் சூட்டில் பட்ட தழும்புகள் அவை. பாலியெஸ்டர் பந்தில் சீக்கிரம் விழும், பீனாலிக் பிசின் பந்து நன்றாகத் தாங்கும். அதனால் ஆயுள் இத்தனை வருஷம் என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. எந்தப் பொருள், எவ்வளவு ஆட்டம், எவ்வளவு சுத்தம் என்று பார்க்க வேண்டும்.

சரி, தேய்ந்தால் என்ன? முன்பு ஸ்டன் ஷாட் (வெள்ளைப் பந்தை மோதிய இடத்திலேயே நிறுத்தும் அடி) பற்றிப் பேசியபோது இரண்டு நாணயங்களை மோதவிட்டுக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே எடை என்றால் மோதிய நாணயம் அப்படியே நின்றுவிடும். கனமான நாணயத்தை மோதவிட்டால் அது முன்னால் நகரும், லேசானதை விட்டால் பின்வாங்கும். திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள், இன்றைக்கும் பதில் இதிலேதான் இருக்கிறது.

பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். அதிலிருந்து அரை மில்லிமீட்டர் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றும். ஆனால் எடை விட்டத்தின் மூன்றாம் படியில் குறையும். 170 கிராம் பந்தில் நாலு கிராமுக்கு மேல் போய்விடும். நண்பருடைய பழைய வெள்ளைப் பந்து இப்படி இளைத்துப்போயிருக்கும், பின்சுழற்சி சும்மா வந்திருக்கும். இப்போது புதுப் பந்துதான் மேசையிலேயே குண்டு. மற்றவை எல்லாம் பத்து வருஷம் தேய்ந்தவை. அது முன்னால் ஊராமல் என்ன செய்யும்? ஐயா, உங்கள் கை அவ்வளவாகக் கெடவில்லை. முன்பு அவ்வளவு நன்றாகவும் இருந்ததில்லை, அதுதான் சங்கடம்!

நானும் இதில் ஏமாந்தவன்தான். ஒரு மேசையில் என் பின்சுழற்சி அபாரமாக வந்தது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் சமையலறைத் தராசைக் கொண்டுபோய் நிறுத்தால், வெள்ளைப் பந்து மற்றவற்றைவிட ஆறு கிராம் குறைவு.

யானைத் தந்தப் பந்து காலத்தில் இன்னும் மோசம். தந்தத்துக்கு மரம்போல நாரோட்டம் உண்டு, வானிலை மாறினால் ஒரு திசையில் அதிகமாகச் சுருங்கும். கடைசலில் மறுபடி உருட்டி எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பந்து சிறுக்கும். 1907இல் வேதியியலாளர் பேக்லண்ட் பீனாலிக் பிசினைக் கண்டுபிடித்து, அதில் பந்துகள் வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது.

எல்லாப் பந்தும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தால் ஆட்டத்தில் பெரிதாகத் தெரியாது. ஒன்றுக்கொன்று வித்தியாசம்தான் வினை. முக்கோணச் சட்டத்தில் பந்துகளை அடுக்கும்போது எவ்வளவு நெருக்கினாலும் இடைவெளி விழுகிறதா? அளவு மாறிவிட்டது என்று அர்த்தம். சந்தேகப் பந்தை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பந்தை ஒட்டி வைத்து, மேலே ஓர் இரும்பு அளவுகோலைக் கிடத்துங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அது சிறியது, அளவுகோல் ஊஞ்சலாடினால் பெரியது.

ஆனால் நீங்கள் என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. பந்தைக் கடைசியாகக் கழுவியது எப்போது? கியூ முனையில் பூசும் சாக்குத்தூள் பந்தில் ஒட்டியிருந்தால் மோதும் இடத்தில் பிடிமானம் கூடிவிடும். ஓரத்தில் படும்படி வெட்டி அடிக்கும்போது, அடிபட்ட பந்து குறிவைத்த கோட்டை விட்டு இழுபடும். பத்து வருஷத் தேய்மானத்தைவிட ஒரு வாரத்து அழுக்கு ஆட்டத்தைக் கெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, மெல்லிய துணி, அவ்வளவுதான். தேய்க்கிற பொடி எதுவும் வேண்டாம், அதுவே பந்தை அரித்துவிடும்.

கழுவிக் காயவைத்து, பதினாறு பந்தையும் நிறுத்து, எடைகளைக் கீழே எழுதுங்கள். அந்தப் பழைய வெள்ளைப் பந்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அதையும் சேர்த்து நிறுங்கள்.