டி.சி.யை யாரிடம் நீட்டுகிறோம்?

(பாலக்கோடு பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போய்வரும் சிறப்பு ஆசிரியை நான். வேறொரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

பையனுக்கு மூளை முடக்குவாதம். ஏழாம் வகுப்பு, கணக்கில் கெட்டி. காலையில் அம்மா நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் நிரம்பியபடியே வீட்டுக்கு வரும். பங்குனி வெயிலிலும் அப்படித்தான். கேட்டால், "தாகமே எடுக்கலம்மா." நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் வாயைத் திறந்தான். கழிப்பறைக்குப் போனால் நாலு பேர் கதவை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நொண்டி, எகிறி வாடா" என்று கத்துவார்களாம். அங்கே போகவே கூடாதென்று தண்ணீரை நிறுத்திவிட்டான்.

அம்மா முறையிட்டதற்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? "பசங்க விளையாட்டுக்குச் செய்யறாங்கம்மா. ஒத்து வரலைன்னா ஸ்பெஷல் ஸ்கூல்ல போடுங்க, டி.சி. தர்றோம்."

அந்தம்மா ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் உட்கார ஆரம்பித்தார். மகளிர் குழுத் தவணை நின்றது. பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் அப்பா போனில் எரிந்து விழுகிறார். ஒன்பதாவது படிக்கும் அக்கா தம்பிக்குத் துணையாக இருக்க கோ-கோ டீமிலிருந்து நின்றுவிட்டாள். அவளை யாரும் நிற்கச் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு அடைப்பது அந்தப் பெண்ணை நினைத்துத்தான்.

தப்புச் செய்தவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள், அடிபட்டவனிடம் டி.சி.யை நீட்டுகிறோம். இது எந்த ஊர் நியாயம்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அந்தப் பிள்ளையின் விருப்பம். தலைமையாசிரியர் முடிவு செய்வதில்லை. அதே சட்டத்தின் 92-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பலர் பார்க்க வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன்களைச் சிறைக்கு அனுப்ப நான் கேட்கவில்லை. பெரியவர்கள் "விளையாட்டு" என்று சொல்லிக் கடந்துபோவதைச் சட்டம் எவ்வளவு பெரிய குற்றமாகப் பார்க்கிறது என்பது தெரிய வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் 75 சதவீதம் பெற்றோர்தான். இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும் என்று நீங்களே தீர்மானம் போடலாம். பள்ளி அசையாவிட்டால் பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417-க்கு, பிள்ளைக்கு ஆபத்தென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள்.

அப்புறம், உங்கள் பையன் ஒருவனைக் கிண்டல் செய்கிறான் என்று தகவல் வந்தால், "எம்புள்ள அப்படிச் செய்யமாட்டான்" என்று வரிந்து கட்டிக்கொண்டு வராதீர்கள். அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நானும் வருகிறேன், உட்கார்ந்து பேசுவோம்.