பெயரில் ஹள்ளி, சட்டத்தில் பேரூர்

(மாரண்டஹள்ளியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கடலை கொறிக்கும் தம்பிகளே, வணக்கம்.

ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ஹள்ளி என்றால் கன்னடத்தில் சிற்றூர். தருமபுரி மாவட்டத்தில் திரும்பிய பக்கமெல்லாம் ஹள்ளியும் பட்டியும்தான். சந்தையில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். ஆனால் சட்டத்தைக் கேட்டால் மாரண்டஹள்ளி கிராமம் இல்லை, பேரூராட்சி. நம்முடைய பாதிக் குழப்பம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

முதலில் தண்ணீர். தளிப் பக்கத்து மலைகளில் கிளம்பும் சின்னாறு பஞ்சப்பள்ளி அணையில் தங்கி, இந்தப் பக்கமாக இறங்கி, ஒகேனக்கல் அருகே காவிரியில் சேர்கிறது. கிழக்கே காவேரிப்பட்டணம் போனால் தென்பெண்ணை. அது கடலூர் வரை ஓடும். நம் வட்டாரத்து மழைக்கு இரண்டு ஆறுகள் பங்காளி.

தரைக்கு அடியில் கருங்கல் பாறை. அதன் இடுக்கில் ஊறும் தண்ணீரில் புளோரைடு கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதிலிருந்தே குடித்தால் பல்லில் கறை ஏறும். அளவு இன்னும் கூடினால் எலும்பையும் பிடிக்கும். காய்ச்சினால் போகாது, சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும். என்னோடு படித்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தாலே எந்த மாவட்டம் என்று தெரிந்துவிடும். 2013-இல் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆகவே, "ரெண்டு நாளா ஒகேனக்கல் தண்ணி வரலை, போர் தண்ணியே போதும்" என்று சொல்லாதீர்கள், அம்மா. துணி துவைக்கப் போதும், குடிக்கப் போதாது.

சரி, யாரைப் போய்க் கேட்பது? பக்கத்துக் கிராம ஊராட்சிக்காரர் தலைவரை நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார். நாம் வார்டு உறுப்பினருக்கு ஓட்டுப் போடுகிறோம். உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் அப்படித்தான் நடந்தது. அங்கே தலைவர் கையெழுத்தில்லாமல் காசோலை நகராது. இங்கே அன்றாட நிர்வாகம் செயல் அலுவலர் கையில். அங்கே ஆண்டுக்கு ஆறு கிராம சபை. யார் வேண்டுமானாலும் எழுந்து கணக்குக் கேட்கலாம். நமக்குப் பகுதி சபை என்ற ஒன்று 2022-இல்தான் விதிகளோடு வந்தது. இதில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள்... ம், மூன்று பேர்.

பேரூராட்சி ஆனால் பெருமைதானே என்பார்கள். 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் ஊரகத்துக்கு மட்டும் என்றே வந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்காவுக்கு வேலை அட்டை, இந்தப் பக்கம் இருக்கும் தங்கைக்கு இல்லை. இரண்டு பேரும் பறிப்பது ஒரே தக்காளித் தோட்டத்தில். ஊராட்சியைப் பேரூராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்றதும் மக்கள் மனு எழுதுவது எதனால் என்று இப்போது புரியும். அறியாமை என்று அதைச் சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்று. தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, சொத்து வரி, பிறப்பு இறப்புப் பதிவு, சந்தை ஏலம் எல்லாம் பேரூராட்சி. காடு வனத்துறைக்கு. பெரிய சாலை நெடுஞ்சாலைத்துறைக்கு. ஏரி? 100 ஏக்கருக்கு மேல் பாசனம் இருந்தால் நீர்வளத்துறை. குறைவாக இருந்தால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம். மழைக்காலத்தில் வாய்க்கால் உடைந்து தெருவுக்குள் தண்ணீர் வந்தால், தெரு ஒருவருடையது, வாய்க்கால் இன்னொருவருடையது. தண்ணீருக்கு அந்த எல்லைக்கல் தெரியாது. நமக்குத் தெரிந்திருந்தால் மனுவின் மேல்வரியில் சரியான அலுவலகத்தை எழுதலாம். அந்த மேல்வரியை எழுதத்தான் ஒரு கட்டு வெள்ளைத்தாள் கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக வாருங்கள். ஏரிக்கரைத் தெருக்காரர்கள் முதலில்.