நடுநிலை காக்க இரண்டு கேட்லிங்: சாமுராய்கள் ஆண்ட நகவோகாவின் கதை

[திரையில்: பனி மூடிய மலைகள், நடுவே ஒரு கோட்டை]

நருட்டோ என்ற ஜப்பானிய அனிமே தொடர் பார்த்தவர்களுக்கு அதில் வரும் இரும்பு நாட்டைத் தெரிந்திருக்கும். சுற்றியிருக்கும் நாடுகளுக்கெல்லாம் நிஞ்சாக்கள்தான் படை. இந்த ஒரு நாட்டுக்கு மட்டும் சாமுராய்கள். ஆள்வதும் அவர்கள்தான், தலைவர் மிஃபுனே. நிஞ்சா நாடுகளின் சண்டையில் இவர்கள் தலையிட மாட்டார்கள். நிஞ்சாக்களும் இங்கே வந்து வாலாட்டக் கூடாது. அதனால்தான் காகே எனப்படும் நிஞ்சா தலைவர்கள் ஐந்து பேரும் கூடிப் பேச வேண்டிய நிலை வந்தபோது இந்தப் பனி நாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்தை நடத்தியவரும் மிஃபுனேதான். அவருடைய வாளின் பெயர் குரோசாவா. குரோசாவா இயக்கி மிஃபுனே நடித்த பழைய கறுப்பு வெள்ளை சாமுராய் படங்களின் ரசிகர்கள் அந்த இடத்தில் சிரித்திருப்பார்கள்.

சரி, இது கதை. சாமுராய்கள் ஆண்ட ஒரு குட்டி அரசு, "நாங்கள் யார் பக்கமும் இல்லை" என்று நிஜத்திலும் சொல்லிப் பார்த்திருக்கிறது. ஆண்டு 1868. இடம் ஜப்பானின் நகவோகா.

[திரையில்: ஜப்பான் வரைபடம். மேற்குக் கரையில் எச்சிகோ பகுதி, ஷினானோ ஆறு, நீகதா துறைமுகம்]

அன்றைய ஜப்பான் ஒரே அரசாங்கம் நேரடியாக ஆண்ட நாடு அல்ல. மேலே டோக்குகாவா குடும்பத்தைச் சேர்ந்த ஷோகன், அதாவது பேரரசரின் பெயரால் நாட்டை ஆண்ட படைத்தலைவர். அவருக்குக் கீழே இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றரசுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரபு, அவருக்குக் கீழே சாமுராய்கள். வரி வசூல், வழக்கு, கணக்கு, படை என எல்லாம் அவர்கள் கையில்தான். சாமுராய் என்றால் வாள்வீச்சு மட்டும்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. நீண்ட அமைதிக்காலத்தில் அவர்களில் பெரும்பாலோர் செய்தது குமாஸ்தா வேலை.

1867 நவம்பரில் கடைசி ஷோகன் யோஷினோபு ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பிக் கொடுத்தார். அதோடு சண்டை ஓயவில்லை. 1868 ஜனவரியில் கியோட்டோவுக்குப் பக்கத்தில் ஷோகனின் படையை சட்சுமா, சோஷு என்ற சிற்றரசுகளின் படைகள் தோற்கடித்தன. அப்புறம் பேரரசரின் கொடியைப் பிடித்துக்கொண்டு புதிய அரசின் படை கிழக்கே நகர்ந்தது. வழியில் இருந்த சிற்றரசுகளில் பல, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கம் சாய்ந்தன.

நகவோகாவுக்கு அது அவ்வளவு லேசாக இல்லை. ஆண்ட மகினோ குடும்பம் டோக்குகாவாவின் பரம்பரை விசுவாசி. இருநூற்றைம்பது வருடம் அவர் உப்பைத் தின்றவர்கள். பேரரசரை எதிர்த்தாலோ துரோகிப் பட்டம். அரசும் சிறியது. அதிகாரபூர்வ விளைச்சல் 74,000 கோக்கு. ஒரு கோக்கு என்பது ஏறக்குறைய ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அரிசி.

[திரையில்: கவாய் சுகுனோசுகேயின் புகைப்படம்]

இந்த இக்கட்டில் பொறுப்புக்கு வந்தவர் கவாய் சுகுனோசுகே. 1827இல் பிறந்தவர், 120 கோக்கு சம்பளம் வாங்கும் நடுத்தரக் குடும்பம். நிர்வாகத்தில் நுழைந்ததும் சூதாட்டத்தைத் தடை செய்தார், விபசார விடுதிகளை மூடினார். அதற்கு மேல் ஒன்று செய்தார் பாருங்கள், அதுதான் துணிச்சல். நூறு கோக்குக்கு மேல் வாங்கும் சாமுராய்களின் சம்பளத்தைக் குறைத்தார், கீழே இருப்பவர்களுக்குக் கூட்டினார். எல்லாரையும் நூறை ஒட்டிக் கொண்டுவருவது திட்டம். பரம்பரைப் பெருமையில் வாழ்ந்த வர்க்கத்திடம் இதைச் செய்துவிட்டு அவர் உயிரோடு இருந்ததே எனக்கு ஆச்சரியம்.

ஷோகன் தோற்றதும், அவருடைய தலைநகரான எடோவில் (இன்றைய டோக்கியோ) இருந்த தன் பிரபுவின் மாளிகைப் பொக்கிஷங்களை விற்றார். எடோவில் அரிசி விலை விழுந்து கிடந்தது; அதை வாங்கி வடக்கே ஹகோடேட் துறைமுகத்தில் விற்று லாபம் பார்த்தார். எடோவுக்கும் நீகதாவுக்கும் இடையே செப்புக் காசின் மதிப்பு வேறுபட்டது, அதிலும் சம்பாதித்தார். வந்த பணமெல்லாம் வெளிநாட்டு வியாபாரிகளிடம் நவீனத் துப்பாக்கிகளாக மாறியது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அன்றைக்கு அந்தக் கூத்தாடிகள் ஆயுத வியாபாரிகள்.

அவர் வாங்கியதில் முக்கியமானது இரண்டு கேட்லிங் துப்பாக்கிகள். கைப்பிடியைச் சுற்றினால் பல குழல்கள் சுழன்று தொடர்ந்து சுடும். அப்போது ஜப்பானிலேயே மூன்றுதான் இருந்தன என்பார்கள். அதில் இரண்டு இந்தக் குட்டி அரசிடம்!

[திரையில்: ஓஜியா, ஜிகென்ஜி கோயில்]

கவாயின் கணக்கு இதுதான்: கையில் பலம் இருந்தால் இரண்டு பக்கமும் நம்மைத் தொடத் தயங்கும். அந்தத் தயக்கத்தில் கிடைக்கும் நேரத்தில் சமரசம் பேசலாம். புதிய அரசு ஏற்கெனவே நகவோகாவிடம் ஆள் கொடு, இல்லாவிட்டால் 30,000 ரியோ பணம் கொடு என்று கேட்டிருந்தது. இவர் இரண்டையும் கொடுக்கவில்லை.

1868 ஜூன் 21. ஓஜியா ஊரில் ஜிகென்ஜி என்ற பௌத்தக் கோயிலில் பேச்சுவார்த்தை. எதிரே புதிய அரசின் சார்பில் உட்கார்ந்தவர் டோசா சிற்றரசைச் சேர்ந்த இவமுரா டகடோஷி, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், எதிர்த்து நிற்கும் ஐஸு அரசிடம் நானே பேசி வழிக்குக் கொண்டுவருகிறேன் என்றார் கவாய். மனுவை நீட்டினார். இவமுரா வாங்கவே இல்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

பழியை முழுக்க இந்த இளைஞரின் தலையில் போடுவது வழக்கம். 1874இல் இதே ஆள் சாகா மாகாணத்துக்கு அதிகாரியாகப் போனார், அங்கே கலகம் வெடித்தது. அதையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அவர் இடத்தில் பொறுமைசாலி ஒருவர் இருந்திருந்தாலும் முடிவு வேறாக இருந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். மறுபடி அந்த வரைபடத்தைப் பாருங்கள். புதிய அரசை எதிர்த்த அணிக்கு ஆயுதம் வந்து இறங்கும் துறைமுகம் நீகதா. அதற்குப் போகும் வழியில், ஷினானோ ஆற்றங்கரையில் நகவோகா. கேட்லிங் வைத்திருக்கும் ஒருவரை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு எந்தத் தளபதி முன்னேறுவார்? பனி விழுவதற்குள் ஐஸுவை முடிக்க வேண்டிய அவசரம் வேறு. கவாய் கேட்டது அவகாசம், அவர்களிடம் இல்லாததும் அதுதான். நடுநிலையைக் காக்க வாங்கிய துப்பாக்கிகளே அந்த நடுநிலையை யாரும் நம்பாதபடி செய்துவிட்டன.

இதே போரில் வெற்றிகரமாக நடுநிலை வகித்தவர்களும் உண்டு. மேற்கத்திய நாடுகள். ஷோகன் அரசு அமெரிக்காவிடம் வாங்கியிருந்த ஸ்டோன்வால் என்ற இரும்புக் கவசக் கப்பல் 1868இல் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தது. நாங்கள் நடுநிலை என்று சொல்லி, அமெரிக்கத் தூதர் அதை இரண்டு தரப்புக்குமே கொடுக்காமல் நிறுத்தி வைத்தார். யாரும் சண்டைக்குப் போகவில்லை. அவர்களுடைய நாடு யாருடைய வழியிலும் இல்லை. அவர்களைப் பகைத்துக்கொள்ள எவருக்கும் தெம்பும் இல்லை. இரும்பு நாட்டுக்கும் அப்படி ஒரு சௌகரியம் கதையில் இருந்தது, பெரிய நாடுகளுக்குச் சந்திக்க ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த மாநாடு உடைந்து பெரிய போர் என்றானதும் மிஃபுனேயும் கூட்டணியில் சேர்ந்து ஐந்தாம் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். கதையாசிரியரே காப்பாற்ற முடியாத நடுநிலை!

[திரையில்: எரியும் நகரின் ஓவியம்]

பேச்சு முறிந்ததும் நகவோகா வடக்குச் சிற்றரசுகளின் கூட்டணியில் சேர்ந்தது. ஜூலை 8 அன்று புதிய அரசின் படை பெருக்கெடுத்து ஓடிய ஷினானோவைக் கடந்து வந்து கோட்டையைப் பிடித்தது. கவாயே கேட்லிங்கின் கைப்பிடியைச் சுற்றிச் சுட்டதாகச் சொல்வார்கள். செப்டம்பரில் ஓர் இரவு, அறுநூற்றுச் சொச்சம் பேர் ஹாச்சோஓகி என்ற சதுப்பு நிலத்துக்குள் இறங்கி நடந்தார்கள். அந்த வழியாக ஆள் வர முடியாது என்று எதிரி நினைத்த இடம் அது. விடியும்போது கோட்டை மீண்டும் நகவோகா கையில். விழுந்த கோட்டையை அதே படை திரும்பப் பிடிப்பது அபூர்வம். அது நான்கு நாள்தான் நிலைத்தது. அந்தச் சண்டையில் கவாயின் காலில் குண்டு பாய்ந்தது. தூக்கிக்கொண்டு மலை தாண்டி ஐஸு பக்கம் போனார்கள். காயம் அழுகி, அக்டோபர் 1 அன்று இறந்தார். வயது நாற்பத்தொன்று.

நகர் சாம்பலாகியிருந்தது. 74,000 கோக்கு அரசை 24,000 ஆக வெட்டினார்கள். கவாயின் குடும்பப் பெயரை ஒழித்தார்கள். உறவினரைப் பறிகொடுத்த ஊர்க்காரர்கள் அவர் கல்லறையைப் பல முறை சேதப்படுத்தினார்கள் என்கிறார்கள். அவர் வீடு இருந்த இடத்தில் 2006இல் ஒரு நினைவகம் வந்தது. கேட்லிங்கின் மாதிரி ஒன்று அங்கே நிற்கிறது.

போரை எதிர்த்தவரும் அந்த ஊரில் இருந்தார். கொபயாஷி டோராசபுரோ. போருக்குப் பிறகு பொறுப்பு அவரிடம் வந்தது. 1870இல் பசித்துக் கிடந்த நகவோகாவுக்கு, உறவு அரசான மினேயாமா நூறு மூட்டை அரிசி அனுப்பியது. பங்கு போடுங்கள் என்று சாமுராய்கள் கேட்டார்கள். கொபயாஷி மறுத்தார். அதை விற்றுப் பள்ளிக்கூடத்துக்குச் செலவிட்டார். 2001இல் பிரதமர் கொய்சுமி நாடாளுமன்ற உரையில் மக்களைச் சிக்கனத்துக்குத் தயாராகச் சொன்னபோது இந்த நூறு மூட்டைக் கதையைத்தான் எடுத்துச் சொன்னார்.