நன்றி என்ற சொல் இல்லாத நன்றிகள்

அனைவருக்கும் வணக்கம்.

சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் இருந்த ஒரு நண்பரோடு சேர்ந்து ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். நான் அனுப்பிய அறிக்கையில் அட்டவணைகள் எல்லாம் கலைந்து கிடந்தன. அவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்து, விடியற்காலையில் திருப்பி அனுப்பினார். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. வெறும் 'தேங்க்ஸ்' போதாது என்று தோன்றியது. எங்கோ படித்து வைத்திருந்த ஒன்றை எடுத்து எழுதினேன்: 'தேங்க்ஸ் எ பன்ச்'. பன்ச் என்றால் கொத்து. கொத்துக் கொத்தாக நன்றி என்றுதான் நான் நினைத்தேன். இரண்டு மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு வரி வந்தது: 'நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா?'

பிரிட்டனில் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் காரியத்தைக் கெடுத்தவரிடம்தான் சொல்வார்கள். 'ரொம்ப நல்ல காரியம் பண்ணினே, போ' என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வோமே, அதுபோல. 'தேங்க்ஸ் எ லாட்' என்பதும் குரலைப் பொறுத்து இரண்டு பக்கமும் சாயும். நேரில் பேசும்போது முகம் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்துக்கு முகம் கிடையாது.

அன்று பட்ட வருத்தத்தில்தான் ஆங்கிலேயர்கள் எப்படியெல்லாம் நன்றி சொல்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்கக் கவனிக்க அந்த மொழிமேல் எனக்குப் பிரியம் கூடித்தான் போயிற்று.

முதலில் 'தேங்க்' என்ற சொல்லையே பாருங்கள். அதற்கும் 'திங்க்' என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு நினைப்பு என்றே பொருள் இருந்தது. அது நல்ல நினைப்பாகி, பிறகு நன்றி ஆயிற்று. ஜெர்மன் மொழியிலும் இதே கதைதான்: நினைப்பதற்கு 'டெங்கன்', நன்றி சொல்வதற்கு 'டாங்கன்'. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு நம் சொல் ஒன்று ஞாபகம் வந்தது. உதவியை மதிக்காதவனை நாம் எப்படித் திட்டுகிறோம்? நன்றி மறந்தவன் என்கிறோம். பழந்தமிழில் நன்றி என்றாலே ஒருவர் செய்த நன்மைதான். அதை மறப்பது குற்றம். அவர்கள் நினைப்பதில் தொடங்கினார்கள், நாம் மறக்காமல் இருப்பதில் தொடங்கினோம். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல்!

சரி, பேச்சு வழக்குக்கு வருவோம். இருப்பதிலேயே சின்னது 'டா'. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் குழந்தை முதலில் கற்கிற நன்றி இதுதான். ஒரு வயதுக் குழந்தையிடம் அம்மா பிஸ்கட்டை நீட்டுகிறாள். ஆனால் விரலை உடனே விடுவதில்லை. 'சே டா', அதாவது 'டா சொல்லு' என்கிறாள். குழந்தை 'தா' மாதிரி ஏதோ ஒரு சத்தம் போட்ட பிறகுதான் பிஸ்கட் கைமாறுகிறது. வடக்கு இங்கிலாந்தில் அதே குழந்தை ஐம்பது வயதாகியும், யாராவது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் 'டா, லவ்' என்று சொல்லிவிட்டுப் போகும். இங்கே லவ் என்றால் காதல் இல்லை, 'கண்ணு' என்கிற மாதிரி ஒரு விளி, அவ்வளவுதான்.

அடுத்தது 'சியர்ஸ்'. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பழைய பிரெஞ்சில் இதன் மூலச்சொல்லுக்கு முகம் என்று பொருள். முகத்திலிருந்து முகமலர்ச்சி, அதிலிருந்து உற்சாகம், பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோப்பையை உயர்த்தும்போது சொல்கிற வாழ்த்து. 1970களில் பிரிட்டனில் அது நன்றி என்ற பொருளில் பதிவாகிவிட்டது. அமெரிக்காவில் இந்தப் பொருளில் சொன்னால் 'இவர் பிரிட்டிஷ்காரர்போல' என்று பார்ப்பார்கள். அங்கே அது பெரும்பாலும் கோப்பையோடு நின்றுவிட்டது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் இந்தச் சொல்லுக்குத் தனி வாழ்வு உண்டு. பஸ் நிற்கிறது. ஆட்கள் முன்வாசல் வழியாக ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். பள்ளிக்கூடப் பையன், கைத்தடி ஊன்றிய பாட்டி, காதில் போன் வைத்திருப்பவர், எல்லாரும் டிரைவரைக் கடக்கும்போது 'சியர்ஸ், டிரைவ்' என்கிறார்கள். டிரைவர் என்பதில் வால் கழன்றுவிட்டது. அவர் பாதையைப் பார்த்தபடியே லேசாகத் தலையை அசைப்பார். தினமும் நூற்றுக்கணக்கான தடவை. அந்த ஊருக்கே அடையாளமாகி, பனியனிலும் காபிக் கோப்பையிலும் அச்சடித்து விற்கிறார்கள். லண்டன் பஸ்ஸில் நடுவாசல் வழியாக இறங்குவதால் டிரைவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய்ப்பு குறைவு. ஒரு கதவு இருக்கும் இடம் ஒரு நன்றியைத் தீர்மானிக்கிறது!

உதவி பெரிதாக இருந்தால் பேச்சு கடன் பக்கம் போகும். 'மச் அப்ளைஜ்ட்' என்ற பழைய பாணிச் சொல்லின் லத்தீன் வேருக்குக் கட்டுதல் என்று பொருள். 'உங்களுக்குக் கட்டுப்பட்டவன்' என்று அர்த்தம். போர்த்துகீசியர்களின் 'ஒப்ரிகாடோ'வும் இதே வேர்தான். இன்றைய பேச்சில் இந்த இடத்தை 'ஐ ஓ யூ ஒன்' பிடித்துவிட்டது. உனக்கு ஒன்று பாக்கி வைத்திருக்கிறேன் என்று பொருள். என்ன பாக்கி, எவ்வளவு, எப்போது, ஒன்றும் சொல்வதில்லை. நட்புக்குள் அப்படி ஒரு கணக்கைத் திறந்துவைப்பது எனக்கு அழகாகப் படுகிறது. 'நம் பழக்கம் இன்றோடு முடியாது' என்று அது சொல்லாமல் சொல்கிறது.

பரிசு வாங்கும்போது இதற்கு நேர்மாறு. 'யூ ஷுடன்ட் ஹாவ்' என்பார்கள். நீங்கள் செய்திருக்கக் கூடாது என்று நேர்ப்பொருள். கேட்டால் கண்டிப்பதுபோல இருக்கும். 'எதுக்கு இதெல்லாம்?' என்று கை நீட்டிக்கொண்டே சொல்வோமே, அதேதான்.

இன்னும் சிலர் உதவியை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். 'யூ ஆர் எ ஸ்டார்', 'யூ ஆர் எ லெஜண்ட்', 'லைஃப்சேவர்'. சார்ஜர் இரவல் கொடுத்தவர்கூட உயிர் காத்தவர் ஆகிவிடுவார். மிகைதான், ஆனால் கேட்பவருக்கு அன்று முழுக்க இனிக்கும். அயர்லாந்தில் 'தேங்க்ஸ் எ மில்லியன்' சர்வசாதாரணம். அவர்களுடைய ஐரிஷ் மொழியில் நன்றி சொல்வதே 'உனக்கு நன்மை உண்டாகட்டும்' என்ற வாழ்த்தாகத்தான். அழுத்திச் சொல்லும்போது அது 'ஆயிரம் நன்மை' ஆகும். ஆங்கிலத்துக்கு வந்தபோது ஆயிரம் பத்து லட்சமாகிவிட்டது.

செல்போனில் 'தேங்க் யூ' என்பதற்கு எழுதும் 'டி ஒய்' போன்ற சுருக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்', அதாவது முன்கூட்டியே நன்றி, அது மட்டும் வேண்டாம் என்பேன். செய்வதற்கு முன்பே நன்றி வந்துவிட்டால், மறுக்கும் உரிமையைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி சிலருக்குத் தோன்றும்.

என் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் பதறிப்போய் அவருக்குப் போன் செய்தேன். எந்தச் சொற்றொடரையும் தேடவில்லை. 'ஏழாவது அட்டவணையில் கூட்டல் தப்பாக இருந்ததை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அது அப்படியே போயிருந்தால் எனக்குத் தலைகுனிவு' என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அவர் குரல் இளகியது. 'எனி டைம், மேட்' என்றார். எப்போது வேண்டுமானாலும் கேள் என்று அர்த்தம். 'ஐ ஓ யூ ஒன்' என்று சொல்லி வைத்தேன்.

எட்டு மாதம் கழித்து அவரிடமிருந்து நாற்பது பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. மேலே 'யூ ஓ மீ ஒன்' என்று மட்டும் எழுதியிருந்தார். அன்று ராத்திரி உட்கார்ந்தது நான்.