வட கொரியாவிடம் பக்கத்து நாடுகள் என்ன கேட்க வேண்டும்?

[திரையில்: சீன–வட கொரிய எல்லை வரைபடம்]

2016 ஜனவரி 6. சீனாவின் வடகிழக்கு எல்லைக்கு அருகே யான்ஜி நகரில் தரை அதிர்ந்தது. பள்ளி மாணவர்களை அவசரமாக வெளியேற்றினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், புங்யே-ரி சோதனைத் தளத்தில், மலைக்கு அடியில், வட கொரியா தன் நான்காவது அணுகுண்டை வெடித்திருந்தது.

"அது அவங்க நாட்டு விஷயம்" என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். குண்டு வைத்திருப்பவன் தவறு செய்தால் முதலில் அடிபடுவது பக்கத்து ஊர்க்காரன்தான். அதனால் நெருக்கடி கொடுக்க அண்டை நாடுகளுக்கு உரிமை உண்டு என்றே நான் நினைக்கிறேன். சரி, எப்படிக் கொடுப்பது?

[திரையில்: ஆறு நாட்டுக் கொடிகள்]

2003இல் பெய்ஜிங்கில் ஆறு நாடுகள் உட்கார்ந்து பேசத் தொடங்கின: இரு கொரியாக்கள், சீனா, ஜப்பான், ரஷ்யா, அமெரிக்கா. 2005 செப்டம்பரில் வட கொரியா அணு ஆயுதங்களைக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டது. அதே மாதம் மக்காவ் வங்கி ஒன்றின் மீது அமெரிக்கா நடவடிக்கை எடுக்க, அங்கிருந்த வட கொரியாவின் சுமார் 2.5 கோடி டாலர் முடங்கியது. பேச்சு நின்றுபோனது. 2006 அக்டோபரில் முதல் குண்டு வெடித்தது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 2007இல் அந்தப் பணம் திரும்பக் கிடைத்தது. தென் கொரியா 50,000 டன் எரி எண்ணெய் அனுப்பியது. யோங்பியோன் அணு உலை மூடப்பட்டது.

[திரையில்: குளிரூட்டும் கோபுரம் சரியும் காட்சி]

2008 ஜூனில் அந்த உலையின் குளிரூட்டும் கோபுரத்தை வட கொரியாவே வெளிநாட்டு கேமராக்களுக்கு முன்னால் வெடிவைத்துத் தகர்த்தது. ஆனால் சரிபார்ப்பது எப்படி என்பதில் தகராறு வந்தது. 2009இல் பேச்சு முறிந்தது.

வட கொரியாவின் வெளிநாட்டு வர்த்தகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சீனாவோடுதான். அந்தப் பிடியை சீனா ஏன் முழுசாக இறுக்குவதில்லை? வட கொரிய அரசு கவிழ்ந்தால் எல்லையில் அகதிகள் குவிவார்கள், அமெரிக்கப் படை வாசல்வரை வந்துவிடும் என்ற பயம். 2017இல் வட கொரியாவுக்குப் போகும் சுத்திகரித்த எண்ணெயை ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாயாகக் குறைக்கும் ஐ.நா. தீர்மானத்துக்கு சீனாவும் ரஷ்யாவும் கைதூக்கின. 2024இல் அந்தத் தடைகளைக் கண்காணித்த நிபுணர் குழுவின் ஆயுளையே ரஷ்யா தன் வீட்டோவால் முடித்துவைத்தது.

வட கொரியாவுக்கும் ஒரு பயம் உண்டு. 2003இல் லிபியாவின் தலைவர் கடாஃபி அணுத் திட்டத்தைக் கைவிட்டார். 2011இல் மேற்கு நாடுகளின் விமானங்கள் அவருடைய படைகளைத் தாக்கின, அவர் கொல்லப்பட்டார். லிபியாவுக்கு நேர்ந்ததை வட கொரிய வெளியுறவு அமைச்சகம் அந்த ஆண்டே வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது. இந்தப் பயத்தை வெறும் பட்டினி போட்டுப் போக்க முடியாது. தடை சாமானிய மக்களின் வயிற்றில்தான் முதலில் அடிக்கிறது.

2022இல் தன் அணு ஆயுத நிலை மாற்ற முடியாதது என்று வட கொரியா சட்டமே போட்டுவிட்டது. 'எல்லாவற்றையும் உடனே கொடு' என்று கேட்டால் இன்று பதில் வராது. ஏழாவது சோதனை வேண்டாம், குண்டுத் தொழில்நுட்பத்தை யாருக்கும் விற்கக் கூடாது, யோங்பியோனுக்குள் சர்வதேச ஆய்வாளர்களைத் திரும்ப விட வேண்டும்: இந்த மூன்றை சீனா, தென் கொரியா, ஜப்பான், ரஷ்யா நான்கும் ஒரே குரலில் கேட்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஈடாக எண்ணெயும் பாதுகாப்பு உறுதியும் எழுத்தில் தரட்டும்.