ஃபராக்கா தண்ணிக் கணக்கு: இந்தியா – வங்கதேச உறவு 50 வருஷமா ஏறி இறங்குன கதை

வணக்கம் மக்களே. இந்தியாவும் வங்கதேசமும் எப்ப நெருங்குனாங்க, எப்ப முறைச்சுக்கிட்டாங்கன்னு ஃபராக்கா தண்ணிக் கணக்கே சொல்லிடும். அந்தக் கணக்கைத்தான் இன்னைக்கு எடுத்துக்கப்போறோம்.

ஃபராக்கா, மேற்கு வங்கத்துல எல்லைக்குப் பக்கத்துல கங்கை மேல கட்டுன கதவணை. கொல்கத்தா வழியா ஓடுற ஹூக்ளி ஆத்துல வண்டல் படிஞ்சு கொல்கத்தா துறைமுகம் தூர்ந்துக்கிட்டே வந்துச்சு. அந்த வண்டலை அடிச்சுட்டுப் போறதுக்காக, கங்கையில இருந்து ஹூக்ளிக்கு விநாடிக்கு 40,000 கன அடி வரைக்கும் திருப்பிவிடுற கால்வாயும் வெட்டுனாங்க. வெள்ள காலத்துல பிரச்சினை இல்ல. தண்ணி கொறையுற மார்ச், ஏப்ரல்லதான் சண்டையே.

1975 ஏப்ரல்ல, வங்கதேசத்தை ஷேக் முஜிப் ஆண்டப்ப, 41 நாளைக்கு மட்டும் ஒரு தற்காலிக ஏற்பாடு: இந்தியா 11,000-ல இருந்து 16,000 கன அடி வரைக்கும் எடுத்துக்கலாம். ஆகஸ்ட்ல முஜிப் கொல்லப்பட்டார். அடுத்த கோடையில ஒப்பந்தமே இல்லாம இந்தியா தண்ணிய எடுத்துச்சு. வங்கதேசத் தலைவர் மௌலானா பாஷானி ஃபராக்காவை நோக்கி நெடும்பயணம் கெளம்பினார், டாக்கா விஷயத்தை ஐ.நா. பொதுச்சபைக்கே கொண்டுபோச்சு.

1977-ல டெல்லியில மொரார்ஜி தேசாய், டாக்காவுல ஜியாவுர் ரஹ்மான். நவம்பர்ல 5 வருஷ ஒப்பந்தம் போட்டாங்க. ஏப்ரல் கடைசி 10 நாள்ல வர்ற 55,000 கன அடியில வங்கதேசத்துக்கு 34,500, இந்தியாவுக்கு 20,500. முக்கியமா ஒரு உத்தரவாதம்: ஆத்துல வரத்து எவ்வளவு கொறஞ்சாலும் வங்கதேசத்துக்கு அதோட பங்குல 80 சதவீதம் கண்டிப்பா உண்டு. என்னைக் கேட்டா, இந்த மொத்தக் கதையிலயும் உருப்படியான வரி அதுதான். 1982-ல, டாக்காவுல ராணுவ ஆட்சியாளர் எர்ஷாத் காலத்துல, புதுசா போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்துல அதைத் தூக்கிட்டாங்க. 1988-க்கு அப்புறம் எட்டு வருஷம் எந்தத் தாளும் இல்ல.

1996 டிசம்பர் 12. தேவ கௌடாவும் ஷேக் ஹசீனாவும் 30 வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாங்க. ஜனவரி 1-ல இருந்து மே 31 வரைக்கும், பத்துப் பத்து நாளா பிரிச்சு கணக்கு. வரத்து 70,000 கன அடி வரைக்கும்னா பாதிக்குப் பாதி. 75,000 வரைக்கும்னா வங்கதேசத்துக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. அதுக்கு மேலன்னா இந்தியாவுக்கு 40,000, மிச்சம் அவங்களுக்கு.

மார்ச் 11-ல இருந்து மே 10 வரைக்கும் மட்டும் தனி விதி: ஒரு பத்து நாள் விட்டு ஒரு பத்து நாள், முறை வெச்சு ஒவ்வொரு நாட்டுக்கும் 35,000 உறுதி. ஒப்பந்த அட்டவணையையே பாருங்க. ஏப்ரல் முதல் பத்து நாள் வரத்து 63,180. வங்கதேசத்துக்கு 35,000, இந்தியாவுக்கு 28,180. அடுத்த பத்து நாள் 62,633. இப்ப இந்தியாவுக்கு 35,000, அவங்களுக்கு 27,633.

ஓட்டை எங்கன்னா, இந்த அட்டவணை 1949 – 1988 சராசரிய வெச்சுப் போட்டது. ஃபராக்காவுக்கு வந்து சேர்ற தண்ணியத்தான் பங்கு போடுறாங்க. மேல உத்தரப் பிரதேசத்துலயும் பீகார்லயும் பாசனத்துக்கு எடுத்தது போக மிச்சம்தான் அங்க வரும். வரத்து 50,000-க்குக் கீழ போனா? "உடனே பேசணும்"னு இருக்கே தவிர, இவ்வளவு தரணும்னு எண்ணிக்கை இல்ல. 1977-ல இருந்த அந்த 80 சதவீத உத்தரவாதம் இங்கயும் இல்ல.

இன்னொரு முடிச்சு கொல்கத்தா, அதாவது மேற்கு வங்க மாநில அரசு. 1996-ல முதல்வர் ஜோதி பாசு கூட நின்னதால கங்கை ஒப்பந்தம் நடந்துச்சு. 2011-ல மன்மோகன் சிங் டாக்கா போறப்ப முதல்வர் மம்தா பானர்ஜி மறுத்ததால, ரெண்டு நாட்டுலயும் ஓடுற இன்னொரு ஆறான தீஸ்தாவுக்கான ஒப்பந்தம் நின்னுபோச்சு. ரெண்டு தலைநகரும் சரின்னாலும் மாநிலம் ஒத்துக்கலைன்னா தண்ணி நகராது.

2024 ஆகஸ்ட்ல ஹசீனா ஆட்சி கவிழ்ந்து அவங்க இந்தியாவுக்கு வந்துட்டாங்க. கங்கை ஒப்பந்தத்துக்கோ 2026 டிசம்பரோட 30 வருஷம் முடியுது. அது தானா நீளாது, ரெண்டு பேரும் சம்மதிக்கணும். புது வரைவு வந்தா, பங்கு எத்தனைங்கிறதைப் பாக்குறதுக்கு முன்னாடி அந்த 50,000 கன அடிப் பிரிவைத் தேடிப் படிங்க. அங்க ஒரு எண்ணிக்கை எழுதியிருக்கான்னு பாருங்க.