நாற்காலியும் சுவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்கு 46 வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள், கட்டிலுக்கு அடியில் உருண்டு போன பேனா மூடியை எடுக்கத் தரையில் உட்கார்ந்தேன். மூடி கிடைத்துவிட்டது. எழுந்திருக்கத்தான் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் கட்டில் காலைப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டியிருந்தது. விழவில்லை, அடிபடவில்லை, காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை. இருந்தாலும் அன்று முழுக்க மனது சரியில்லை. எப்போதிலிருந்து இப்படிக் கை ஊன்றி எழ ஆரம்பித்தேன் என்று யோசித்தால் நினைவே வரவில்லை. அவ்வளவு சத்தமில்லாமல் போயிருந்தது பலம்.

அடுத்த வாரமே ஒரு ஜிம்மில் ஒரு வருடத்துக்கான பணத்தை மொத்தமாகக் கட்டிச் சேர்ந்தேன். பக்கத்தில் நின்ற 20 வயதுப் பையன்கள் செய்ததையே முதல் நாள் எனக்கும் கொடுத்தார்கள். நானும் விடாமல் செய்தேன். மறுநாள் காலை கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் கால் வைத்துத்தான் படியிறங்க முடிந்தது. மூன்று நாள் போக முடியவில்லை. நான்காவது நாள் போக மனம் வரவில்லை. அப்புறம் போகவே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்கும் இப்படி ஒரு அனுபவம் இருக்கும். அதோடு, "இந்த வயதில் நமக்கு இனி எதற்கு" என்று முடிவு கட்டியிருப்பீர்கள். அந்த முடிவு தவறு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் டாலஸ் நகரில் 1966-ல் ஒரு ஆய்வு நடந்தது. 20 வயதுள்ள, ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். எழுந்தபோது, உடம்பு பிராணவாயுவை எடுத்துப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். இப்போது எல்லோருக்கும் 50 வயது, உடல் எடை ஏறியிருந்தது, தொந்தி விழுந்திருந்தது. ஆனாலும், அந்த 30 வருடம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது, 20 வயதில் மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டதைவிடக் குறைவுதான்! பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய திறன் சராசரியாக 1966-ல், படுக்கைக்கு முன்னால் இருந்த அளவுக்கே திரும்பி வந்தது. ஐந்தே பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனால் "வயசாச்சு" என்று நாம் சொல்வதில் எவ்வளவு வயது, எவ்வளவு அசையாமல் இருந்தது என்று பிரித்துப் பார்க்க எனக்கு அதுதான் கற்றுக்கொடுத்தது.

அது நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும். தசைக்கு இன்னொரு ஆய்வு இருக்கிறது. 1990-ல் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் தொடை வலிமை சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டார்கள். 90 வயதுத் தசையே பேச்சைக் கேட்கிறது என்றால் 45, 50 வயதுத் தசை கேட்காமலா போகும்?

சரி, உடம்பு சிக்கென்று ஆக வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோமே, அது என்ன? தோலுக்கு அடியில் தசை கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அதன் மேல் படிந்த கொழுப்பு கொஞ்சம் குறைவாக இருக்கிறது. அவ்வளவுதான். முப்பதுகளில் ஆரம்பித்து, சும்மா இருந்தால் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்காருவதால் எடை பார்க்கும் மெஷினில் எண் பெரிதாக மாறாது. சட்டை மட்டும் இடுப்பில் பிடிக்கும், கை தொளதொளவென்று இருக்கும். அதனால்தான் வெறும் பட்டினி கிடந்து எடை குறைத்தவர்கள் பலர் மெலிந்து தெரிகிறார்களே தவிர, திடமாகத் தெரிவதில்லை. கொழுப்போடு தசையும் சேர்ந்து போய்விடுகிறது.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே விட்டுவிடலாம். வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பார்கள். 1971-ல் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். மட்டை பிடிக்கும் கையில் தசை பெரிதாக இருந்தது. ஆனால் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பின் தடிமன் இரண்டு கையிலும் ஒன்றுதான். கொழுப்பு எங்கிருந்து முதலில் போக வேண்டும் என்பதை உடம்பு தீர்மானிக்கிறது, நாம் இல்லை. ஆகவே தினமும் நூறு முறை வயிற்றை மடக்கி மூச்சு வாங்குவதைவிட, பெரிய தசைகளுக்கு, அதாவது தொடை, இடுப்பு, முதுகு, மார்புக்கு வேலை கொடுப்பது நல்லது.

அதற்கு என்ன வேண்டும்? ஒரு நாற்காலி, ஒரு சுவர், ஒரு படிக்கட்டு. நான் இரண்டாவது முறை ஆரம்பித்தது இவற்றை வைத்துத்தான்.

நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். ஆடாத, சக்கரம் இல்லாத நாற்காலியாகப் பாருங்கள். அதன் முதுகு சுவரில் முட்டியிருக்கட்டும், பின்னால் வழுக்காது. ஆசனத்தின் முன்பாதியில் உட்காருங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்துக்கு இருக்கட்டும், குதிகால் தரையில் அழுந்தட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். உடம்பை முன்னால் சாய்த்து, மூச்சை விட்டபடி எழுந்து நேராக நில்லுங்கள். திரும்ப உட்காரும்போதுதான் விஷயமே இருக்கிறது. பொத்தென்று விழக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே, தூங்கும் குழந்தையைக் கீழே கிடத்துகிற மாதிரி இறங்க வேண்டும். முதல் நாள் எனக்கு ஆறு வரை சுலபமாக இருந்தது. ஏழாவதில் முட்டிக்கு மேலே உள்ள தசை படபடவென்று நடுங்கியது. எட்டாவதில் வலது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. அங்கே நிறுத்தினேன். அந்தச் சாய்வுதான் அடையாளம். உடம்பின் நிலை இப்படிக் கலைந்தால் அன்றைக்கு அந்தச் சுற்று போதும். இரண்டு நிமிடம் ஓய்வு, அப்புறம் இன்னொரு சுற்று.

கை ஊன்றாமல் எழவே முடியவில்லையா? ஆசனத்தில் கெட்டியான ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மாறாக, பதினைந்து முறை சுலபமாக வருகிறதா? பையில் புத்தகங்களை அடுக்கி மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி பலன் தருவதன் ரகசியம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் ஒரு படி கூட்ட வேண்டும். வருடக்கணக்காக ஒரே எடையை ஒரே எண்ணிக்கையில் தூக்கிக்கொண்டிருப்பவருக்கு, இருப்பது காப்பாற்றப்படும், புதிதாகச் சேராது.

சுவர்த் தண்டாலும் இதே கதைதான். சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, தோள் உயரத்தில் உள்ளங்கைகளைப் பதித்து, பலகை மாதிரி உடம்பை நேராக வைத்து, மூக்கு சுவரைத் தொடுமளவு போய்த் திரும்புங்கள். சில வாரத்தில் சுவரிலிருந்து மேஜை விளிம்புக்கு, அங்கிருந்து கட்டில் விளிம்புக்கு, கடைசியில் தரைக்கு வரலாம். முதுகுக்கு, ஒரு கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் புத்தகப் பையை இடுப்பை நோக்கி இழுக்கலாம். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்கலாம். முன்னங்கையை ஊன்றிக் குப்புற நிற்கும் பிளாங்க் 15 விநாடி நின்றாலும் ஆரம்பத்துக்குப் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோ டம்பெல். பணம் செலவழித்துத்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் நல்ல காலணி, அடுத்து ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட், அதாவது இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை. அதற்கு மேல் எதையும் முதல் மூன்று மாதத்தில் வாங்காதீர்கள்.

இதை வாரத்தில் இரண்டு நாள் செய்தால் போதும், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு. உலக சுகாதார அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியும் பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. கூடவே வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவும் வேண்டும். மிதம் என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த 150 நிமிடத்தைப் பத்துப் பத்து நிமிடமாவது சேர்ந்தாற்போல் செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். படி ஏறியது, பஸ் ஸ்டாப் வரை வேகமாக நடந்தது எல்லாமே கணக்கில் சேரும். தினமும் 10,000 காலடி நடந்தே ஆக வேண்டும் என்ற கவலையும் வேண்டாம். அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடிகளை எண்ணும் ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. சராசரி வயது 72 உள்ள பெண்களை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், ஒரு நாளைக்கு 4,400 காலடி அளவிலேயே பலன் தெரிந்தது. சுமார் 7,500 காலடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை.

பெண்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எடை தூக்கினால் ஆண்கள் மாதிரி புஜம் திரண்டுவிடும் என்று பயப்படாதீர்கள். அதற்கான ஹார்மோன் நம் உடம்பில் மிகக் குறைவு. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிய சில வருடங்களில் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. எலும்புக்கும் பாரம்தான் செய்தி. பாரம் விழுந்தால்தான் தன்னைப் பலப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று அதற்குத் தெரியும். நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று பல வருடம் நம்பியிருந்தவள் நான். இப்போது யார் கேட்டாலும், நடையை விடாதீர்கள், அதோடு பாரத்தையும் சேருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வலி விஷயம். பயிற்சி செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ இரண்டு தொடையிலும் மந்தமாக, கனமாக ஒரு வலி இருந்தால் பயப்பட வேண்டாம், தானே போய்விடும். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால், ஒரு பக்கம் மட்டும் வலித்தால், வீங்கினால், அதை நிறுத்துங்கள். முதல் சில வாரத்தில் பலம் மளமளவென்று கூடும். தசை இன்னும் பெரிதாக வளர்ந்திருக்காது, இருக்கும் தசையை நரம்புகள் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வரும் பலம் அது. ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநார்கள் அவ்வளவு சீக்கிரம் தேறுவதில்லை. ஆகவே மூன்றாவது, நான்காவது வாரத்தில், "நல்லாத்தானே வருது, இன்னும் கூட்டலாம்" என்ற உற்சாகம் வரும்போது கவனமாக இருங்கள். குதிகாலும் தோளும் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு அளவை மாற்ற வேண்டி வரலாம். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி தேடுங்கள்.

எனக்கு நிலைத்து நிற்க உதவியது, நேரத்தைத் தேடாமல் ஏற்கனவே செய்கிற ஒரு வேலையோடு இதை ஒட்டவைத்ததுதான். பல் தேய்க்கும்போது குதிகாலைத் தூக்கி நிற்பேன். குளிக்கப் போவதற்கு முன் நாற்காலியும் சுவரும். காய்ச்சல் வரும், பயணம் வரும், இரண்டு வாரம் விட்டுப் போகும். அப்படி விட்டுப் போனால் பழைய எண்ணிக்கையில் பாதியிலிருந்து ஆரம்பிப்பேன், ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

இந்த நிகழ்ச்சி முடிந்ததும் ஒன்று செய்து பாருங்கள். சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அவசரப்பட வேண்டாம், பக்கத்தில் யாராவது இருந்தால் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் முதன்முதலில் எண்ணியபோது 11 வந்தது. இரண்டு மாதம் கழித்து 16. வந்த எண்ணையும் இன்றைய தேதியையும் காலண்டரின் ஓரத்தில் எழுதி வையுங்கள். எட்டு வாரம் தள்ளி இருக்கும் தேதியையும் இப்போதே வட்டமிட்டு வைத்துவிடுங்கள். அன்றைக்கு மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.